ஒரு துளி நாய் இரத்தம்: குற்றவாளியும் சாட்சியும்

1

எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். எங்கள் தெருவுக்கு நாய்பிடி வண்டி வந்தது. கம்பிச் சுருக்கோடு இரண்டு பேர். எதிர்வீட்டுத் திண்ணையடியில் படுத்துக் கிடக்கும் கறுப்பு நாயையும் இழுத்தார்கள். 'அதுக்கு வெறி கிறி ஒண்ணும் இல்லையேண்ணே' என்றார் எதிர்வீட்டு அக்கா. சுருக்கைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: 'எல்லாம் ஒண்ணுதாம்மா.'

அவர் கூலிக்கு வேலை செய்தவர். அவரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்பது அதிகாரத்தின் வாக்கியம். பிரித்துப் பார்க்க நேரமில்லை, பிரித்துப் பார்க்கத் தேவையுமில்லை என்று அது சொல்கிறது. அறிவியலை இதற்கு நேரெதிரான ஒன்றாகத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதலில் சோதி, உள்ளதையும் இல்லாததையும் பிரி, பிறகு முடிவெடு. சரி, நாயின் இரத்தத்தைச் சோதித்து 'இதற்கு நோய் உண்டு, இதற்கு இல்லை' என்று பிரிக்கத் தெரிந்துவிட்ட இடத்தில் என்ன நடந்தது? இதற்குப் பதிலாக நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. வடக்கே காலா அசார் என்று சொல்லப்படும் கறுப்புக் காய்ச்சலின் வரலாறு அது. அதன் தொடக்கப் பக்கங்களில் நம்முடைய சென்னை இருக்கிறது. அதன் இரத்தம் தோய்ந்த பக்கங்கள் பிரேசிலில் எழுதப்பட்டன.

எனக்கு மருத்துவம் தெரியாது, படித்தது தமிழ். ஆகவே இது ஒரு வாசிப்பு மட்டுமே. பரிசோதனை என்பதும் ஒரு கேள்விதான். கேள்விக்கு இலக்கணம் உண்டு. வினாவை நன்னூல் ஆறாகப் பிரிக்கிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. கேள்வி போலத் தோன்றி, கேட்கப்பட்டவரை ஒரு காரியத்துக்கு ஏவுவது ஏவல் வினா. நாயின் இரத்தத்திடம் கேட்கப்பட்டது இவற்றில் எந்த வினா என்பதுதான் என் கேள்வி.

2

1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், காய்ச்சலால் இளைத்து மண்ணீரல் வீங்கியிருந்த நோயாளிகளிடம் சில சின்னஞ்சிறு உருண்டைகளைக் கண்டார். முதலில் இறந்தவரின் மண்ணீரலில்; பிறகு, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி குத்தி எடுத்த இரத்தத்தில். அதே ஆண்டு மே மாதம் வில்லியம் லீஷ்மன் தன் குறிப்பை வெளியிட்டிருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோய் கண்டு, இங்கிலாந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவரும் இதே உருண்டைகளைப் பார்த்திருந்தார். ரொனால்டு ராஸ் இரண்டு பேரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயர் வைத்தார். பார்த்த இருவரின் பெயரும் அதில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை.

ஒட்டுண்ணி அகப்பட்டது. ஆனால் அது ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு எப்படிப் போகிறது? சென்னையில் பேட்டன் மூட்டைப்பூச்சியின் பின்னால் போனார். 1908இல் ஆப்பிரிக்காவின் வடகரையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த துனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோலும் அவருடைய கூட்டாளி கோம்ட்டும் நாய்களின் உடம்பில் இதே உருண்டைகளைக் கண்டார்கள். அங்கே குழந்தைகளைத் தாக்கிய காய்ச்சலின் கிருமிக்கு நிக்கோல் 'லீஷ்மேனியா இன்ஃபான்ட்டம்' என்று பெயர் வைத்தார். குழந்தையின் நோய் நாயிடமிருந்து வருகிறது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

உடனே சென்னையிலும் நாய்களைத் தேடினார்கள். தெருநாய்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி கிடைக்கவில்லை. இந்தியாவில் இந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது என்ற முடிவுதான் பிற்பாடு நிலைபெற்றது. சென்னை நாய் அன்றைக்கே விடுதலையாகிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த நாய்க்கு வைத்திருந்த பெயரை மட்டும் நாம் தாண்டிப் போக முடியாது. காலனிய மருத்துவ எழுத்துகளில் நம் ஊர்த் தெருநாய்க்கு 'பரையா நாய்' என்று பெயர். தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டிய பிராணிக்குச் சூட்டினார்கள். ஆங்கில அகராதியில் இன்றைக்கும் அந்தச் சொல் விலக்கப்பட்டவன் என்ற பொருளில் குடியிருக்கிறது. ஆய்வுக்கூட மேசையில் கிடந்த பிராணியோடு சேர்த்து ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரும் கிடத்தப்பட்டிருந்தது. சொன்னவர்களுக்கு அதில் வக்கிரம் ஏதும் தெரிந்திருக்காது. சொல்லாடல் அப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் குறிப்பாக வெறுக்க வேண்டியதில்லை.

3

கடத்துவது யார் என்பது மெல்லத்தான் தெளிந்தது. மணல் ஈ என்று நாம் சொல்வது ஈயுமல்ல, கடற்கரை மணலில் இருப்பதுமல்ல. மணல் நிறத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும் ஒரு பூச்சி. கொசு மாதிரிக் காதருகே பாடாது. சத்தமில்லாமல் தத்தித் தத்தி வரும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டிலிலும் கோழிக்கூண்டிலும் பகலைக் கழிக்கும். சாணமும் சருகும் மக்கிய ஈரமண்ணில் அதன் புழு வளரும். 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அஸ்ஸாமில் மணல் ஈயைக் கடிக்கவிட்டுத் தன்னார்வலர்களுக்கு இந்த நோய் தொற்றுவதை நிரூபித்தார்கள். லீஷ்மன் எழுதி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தப் பூச்சியின் முகவரியைக் கவனியுங்கள். மண்சுவர், கொட்டில், கூண்டு, குப்பை. இது ஏழையின் வீட்டு முகவரி. அந்த வீட்டில் குழந்தை தூங்குகிறது. வாசலில் நாய் படுத்திருக்கிறது. பூச்சி இரண்டு பேரையும் கடிக்கிறது. இந்த மூன்றில் அரசு கைவைக்கத் தோதான உயிர் எது? வரலாறு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது.

பிரேசிலில் இந்த நோய் பிணங்களின் வழியாகத்தான் வெளிப்பட்டது. மஞ்சள் காய்ச்சலைக் கண்காணிக்க, இறந்தவர்களின் ஈரலில் துண்டெடுத்து அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. 1934இல் ஹென்றிக் பென்னா அந்த ஈரல் துண்டுகளில் 41இல் லீஷ்மேனியா இருப்பதைக் கண்டார். உயிரோடிருக்கும்போது யாரும் பார்த்திராத நோய், செத்த பிறகு பார்க்கப்பட்டது. 1937இல் அங்குள்ள ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா சகாசி' என்று தனிப்பெயர் வைத்தார்கள். 1950களில் வறட்சி மாநிலமான சியாராவின் சோப்ரால் பகுதியில் நோய் கடுமையாகப் பரவியது. லியோனிதாஸ் டீன், மரியா டீன் தம்பதியரும் அலென்காரும் அங்கே வேலை செய்தார்கள். நாயின் தோலில் ஒட்டுண்ணி மண்டிக் கிடப்பதையும், நாயைக் கடித்த மணல் ஈ எளிதில் தொற்றை ஏந்திக்கொள்வதையும் காட்டினார்கள். அவர்கள் கண்டது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அந்த ஊர் மக்கள் இந்த நோயை 'கலசார்' என்கிறார்கள். நம் காலா அசார்தான் போர்த்துக்கீசிய வாயில் அப்படி ஆயிருக்கிறது.

இந்த உண்மை 1963 மார்ச்சில் அரசாணை ஆயிற்று. நோயாளிக்கு மருந்து, வீட்டுக்குப் பூச்சிமருந்து, தொற்றுள்ள நாய்க்கு மரணம். மூன்றில் முதலிரண்டும் செலவும் உழைப்பும் கேட்பவை. மூன்றாவது எளிது. 'நோய்த் தேக்கம்' என்ற சொல்லும் அதற்கு ஒத்தாசை செய்தது. தேக்கம் என்பது அணைக்கட்டுச் சொல். தேங்கியதை வடித்துவிட்டால் ஊர் பிழைத்தது என்ற கற்பனை அதற்குள்ளேயே இருக்கிறது. நாயை உயிர் என்று சொன்னால் கொல்லக் கை கூசும். தேக்கம் என்றால் கூசாது.

4

இங்கேதான் பரிசோதனை வருகிறது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போவார். நாயின் காதோரத்தில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் ஒற்றி உலர்த்தி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். ஒட்டுண்ணிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அந்தச் சொட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆனதுண்டு. 'உண்டு' என்று வந்தால் வண்டி வரும்.

முதலாவதாக, எதிர்ப்பொருள் வேறு, ஒட்டுண்ணி வேறு. எதிர்ப்பொருள் என்பது உடம்பின் நினைவு. ஒட்டுண்ணியைச் சந்தித்தேன் என்று மட்டுமே அது சொல்லும். இரண்டாவதாக, அந்தச் சோதனை ஆள் மாறாட்டம் செய்யும். சாகஸ் நோயைத் தரும் டிரிப்பனோசோமாவும், தோல்புண்ணைத் தரும் வேறு லீஷ்மேனியாவும் இரத்தத்தில் இதே மாதிரியான தடயத்தை விடும். மூன்றாவதாக, தொற்றுள்ள நாய்கள் எல்லாமே நோயைக் கடத்துவதில்லை. பல நாய்கள் கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து, நகம் நீண்டு, எலும்பும் தோலுமாகும். இன்னும் பல, ஒரு குறையும் வெளியே தெரியாமல் வாலாட்டிக்கொண்டிருக்கும். எது கடத்தும் என்று அறிய ஒரு வழி உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான மணல் ஈக்களை நாயின்மேல் கடிக்கவிட்டு, பிறகு அவற்றை அறுத்துப் பார்க்க வேண்டும். கோர்ட்னேயும் கூட்டாளிகளும் அமேசான் முகத்துவாரத்து மராஜோ தீவில் இப்படிச் செய்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு சிறுபான்மை நாய்களே பெரும்பான்மையான ஈக்களுக்குத் தொற்றைக் கொடுத்தன. அவற்றைப் பிரித்தறியும் வல்லமை கையிலிருந்த இரத்தச் சோதனைக்கு இல்லை. ஆக, சோதனை என்ற பெயரில் மறுபடியும் அதே 'எல்லாம் ஒண்ணுதான்'.

சரி, கொன்றாச்சு. நோய் போச்சா? நோய் நகரத்துக்கு வந்தது. 1980களில் தெரெசினா, 1990களில் பெலோ ஒரிசோன்டே, அரசத்துபா. வறட்சியால் நகரத்து ஓரங்களுக்குப் பிழைக்க வந்தவர்களின் குடிசைகளில் அது பரவியது. எஸ்பிரித்து சாண்டோ மாநிலத்தில் நாய்களைக் கொன்ற பள்ளத்தாக்கையும் கொல்லாத பள்ளத்தாக்கையும் ஒப்பிட்டார்கள். மனிதருக்குத் தொற்றுவதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று டீட்சேயும் கூட்டாளிகளும் 1997இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கிறிஸ்டோபர் டை கணக்குப் போட்டு, நாய்க்கொலைதான் இருக்கிற வழிகளில் பலவீனமானது என்று காட்டியிருந்தார். மறுதரப்பையும் சொல்ல வேண்டும். பஹியாவின் ஜகோபினாவில் செய்த ஆய்வு ஓரளவு பலன் தெரிந்ததாக 1998இல் சொன்னது. ஆனால் பலனைத் தின்றுவிடும் ஒரு காரியத்தை எந்த அரசாணையும் தடுக்க முடியாது. கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு வீட்டார் ஒரு குட்டியைக் கொண்டுவந்துவிடுவார்கள். திருடனுக்கு நாய் வேண்டும், குழந்தைக்கு விளையாட நாய் வேண்டும். இந்த நோயைச் சந்தித்தே இராத குட்டி அது. மணல் ஈக்குப் புது இலை போட்ட மாதிரி.

இந்த இடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பிரான்சின் தென்கரையிலும் இதே நோய் நாய்களுக்கு வருகிறது. அங்கே அந்த நாய் ஒரு நோயாளி. அதற்கு மருந்துண்டு, மறுபரிசோதனையுண்டு, தடுப்பூசிகூட வந்தது. பிரேசிலிலோ, மனிதருக்கான மருந்தை நாய்க்குக் கொடுப்பதை 2008இல் அமைச்சகங்கள் சேர்ந்து தடை செய்தன. தடைக்கு ஒரு நியாயம் உண்டு: மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி உருவாகிவிடக் கூடாது என்ற பயம். 2016இல்தான் நாய்க்கென்றே தயாரித்த மில்டிஃபோசினுக்கு அனுமதி கிடைத்தது. அதை வாங்கவும் கையில் காசு வேண்டும். காசில்லாதவன் நாய்க்கு 1963தான் தொடர்ந்தது.

இதைவிடக் கசப்பான ஒரு செய்தி. 'சகாசி' என்று தனிப்பெயர் பெற்ற அமெரிக்க ஒட்டுண்ணி தனி இனமே அல்ல, நிக்கோல் பெயரிட்ட அதே 'இன்ஃபான்ட்டம்'தான் என்று மரபணு ஆய்வுகள் பிற்பாடு நிறுவின. ஐரோப்பாவின் ஐபீரிய முனையிலிருந்து, கடந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குள் அது கடல் கடந்திருக்கிறது. படையெடுத்து வந்தவர்களின் கப்பலில், அவர்களுடைய நாய்களோடு வந்திருக்க வேண்டும். கப்பலில் வந்த நோய்க்கு, கப்பல் புறப்பட்ட ஊரில் சிகிச்சை. வந்திறங்கிய ஊரில் கொலை. காலனியம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

5

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

மணல் ஈ கொசுவைப் போல நரம்பில் ஊசி இறக்கிக் குடிப்பதில்லை. தோலைக் கிழித்து, கசிந்து தேங்கும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தம் உறையாமலிருக்கவும் நாளம் விரிந்து கொடுக்கவும் தன் உமிழ்நீரை அங்கே விடுகிறது. 1988இல் டைட்டஸும் ரிபெய்ரோவும் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். ஒட்டுண்ணியை மட்டும் செலுத்துவதைவிட, மணல் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றோடு சேர்த்துச் செலுத்தினால் எலிக்குத் தொற்று பலமடங்கு கடுமையாகிறது. உமிழ்நீரை அதுவரை யாரும் இப்படிப் பொருட்படுத்தியதில்லை.

அதிலிருந்து இன்னொரு வாசல் திறந்தது. உமிழ்நீரிலுள்ள புரதங்களுக்கு எதிராகவும் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. கடித்த ஈயிடம் ஒட்டுண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே நாயின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருளைத் தேடினால், 'உனக்கு நோய் உண்டா' என்பதற்குப் பதில் வராது. 'உன்னை ஈ கடித்ததா, எவ்வளவு கடித்தது' என்பதற்குப் பதில் வரும். முதலில் இதற்கு நூற்றுக்கணக்கான ஈக்களைப் பிடித்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் சுரப்பிகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு குறிப்பிட்ட புரதங்களை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றார்கள். அமெரிக்க மணல் ஈக்கு எல்.ஜே.எம். 17, எல்.ஜே.எம். 11 என்ற இரண்டு புரதங்கள் போதும் என்று 2010இல் தெரிந்தது. மத்தியதரைக் கடல் பகுதி மணல் ஈக்கு எஸ்.பி. 03பி என்ற ஒன்றைப் பிராக் நகர ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். ஈ மிகுந்த பருவத்தில் இந்த எதிர்ப்பொருள் ஏறுகிறது. பருவம் போனதும் மெல்ல இறங்குகிறது. எனவே ஊருக்குப் பூச்சிமருந்து அடித்தது பலித்ததா, சும்மா கணக்குக் காட்டினார்களா என்பதைக்கூட நாயின் இரத்தம் சொல்லிவிடும்.

கோழியிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். கோழியின் உடம்பில் இந்த ஒட்டுண்ணி வளராது. ஆனால் ஈ கோழியை விரும்பிக் கடிக்கும். அதன் இரத்தத்திலும் அந்தத் தடயம் இருந்தது. குற்றம் சாட்டவே முடியாத ஓர் உயிர் சாட்சி சொல்கிறது.

இரண்டு சோதனைக்கும் வேண்டியது அதே காது, அதே ஊசி, அதே ஒரு சொட்டு. முதல் கேள்வி நாயைக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி அதைச் சாட்சியாக அழைக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பார்வை நாயோடு நின்றுவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் பார்வை நாயைத் தாண்டிப் போயாக வேண்டும். ஈ எங்கிருந்து வந்தது? அந்தச் சுவர் ஏன் வெடித்திருக்கிறது? குப்பை ஏன் இந்தத் தெருவில் மட்டும் அள்ளப்படுவதில்லை? நாயைக் கடித்தது பக்கத்தில் தூங்கும் குழந்தையை விட்டிருக்குமா?

ஈயைக் குறிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஈரானின் வடமேற்கில் 18 கிராமங்களை எடுத்து, ஒன்பதில் நாய்களுக்குப் பூச்சிமருந்து ஏற்றிய கழுத்துப்பட்டை கட்டினார்கள். மஸ்லூமி கவ்கானியும் கூட்டாளிகளும் 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கிராமங்களில் குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்றும் வாய்ப்பு 43 சதவீதம் குறைந்திருந்தது. நாயை உயிரோடு வைத்துக்கொண்டே குழந்தையைக் காக்க முடியும். நாய் அங்கே அரண். பிரேசிலின் சுகாதாரத் துறை நோய் மிகுந்த நகரங்களில் இந்தப் பட்டையைத் தன் திட்டத்தில் சேர்த்தது 2021இல். அரசாணைக்கும் பட்டைக்கும் இடையில் 58 ஆண்டுகள்.

இரண்டாவது சோதனை வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கடித்ததை அறிவது நோயை அறிவதாகாது. தொற்றுள்ள நாயையும் கண்டுபிடித்தாக வேண்டும். அதன் வழியாகக் குழந்தைகள் சாவது கற்பனையல்ல. நாய்மேல் கொண்ட பரிவால் குழந்தையை மறப்பதும் ஒரு மேட்டுக்குடி வியாதிதான். எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம், பதிலை வைத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பதே பிரச்சினை.

6

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இந்தியாவில் கறுப்புக் காய்ச்சலின் தேக்கம் மனிதர் என்று சொன்னேன். 1950களில் மலேரியாவுக்காக அடித்த டி.டி.டி.யால் மணல் ஈயும் செத்து, நோய் அநேகமாக மறைந்தது. மருந்தடிப்பு நின்றதும் 1970களில் பீகாரில் திரும்பி வந்தது. அங்கே அதிகம் அடிபட்டவர்களில் முஸஹர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எலி பிடித்துத் தின்பவர்கள் என்று பெயரிலேயே முத்திரை குத்தப்பட்ட தலித் மக்கள். நிலமில்லை, ஊருக்கு வெளியே மண்குடிசை.

காய்ச்சல் குணமான சிலருக்கு, மாதங்களோ வருஷங்களோ கழித்துத் தோலில் வெளுத்த தேமல்களும் முடிச்சுகளும் தோன்றும். அவர்களுக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நோக்கி ஒழிப்புத் திட்டம் போகப் போக, அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது முக்கியமாகிறது. அவர்களைக் குறிக்க ஆய்வுக் கட்டுரைகள் கையாளும் சொல் எது தெரியுமா? தேக்கம். நாய்க்குச் சொன்ன அதே சொல்.

மனிதரைக் கொல்லமாட்டார்கள். மருந்து கொடுப்பார்கள், அது வேண்டியதுதான். இருந்தாலும் அந்தச் சொல் நோயை எங்கே இருத்துகிறது என்று பாருங்கள். வெடித்த சுவரில் அல்ல, அள்ளாத குப்பையில் அல்ல, பட்டா கிடைக்காத நிலத்தில் அல்ல. ஒரு முஸஹர் பெண்ணின் தோலில். சென்னையில் ஒரு சாதியின் பெயரை நாய்க்கு வைத்தார்கள். நாய்க்கு வைத்த சொல் இப்போது இன்னொரு சாதியின் உடம்புக்குத் திரும்பி வந்திருக்கிறது.

'இந்த நாய்க்கு நோய் உண்டா?' என்று அரசு கேட்டபோது அது ஐய வினா போலத் தெரிந்தது. உண்மையில் அது ஏவல் வினா. பதில் வருமுன்னே வண்டி புறப்படத் தயாராக இருந்தது. 'உன்னை எது கடித்தது, எங்கே கடித்தது?' என்பதுதான் அறியா வினா. கேட்பவருக்குத் தெரியாத ஒன்று பதிலில் வந்துவிடக்கூடிய வினா அது. வந்த பதில் கேட்டவரையே வேலை வாங்கும்.

எதிர்வீட்டு அக்கா கேட்டதும் அப்படி ஒரு வினாதான். அதற்கு நின்று பதில் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.